மாஸ்டரக்காவின் நாக்கு

பஸ் டிப்போ கேன்டீனுக்குப் பசி ஒவ்வொருவராக வருவதில்லை, கும்பலாகத்தான் வரும். ஒரே நேரத்தில் ஏழெட்டு வண்டிகள் உள்ளே நுழையும். டிரைவரும் கண்டக்டருமாய் இறங்கி, கை கழுவியும் கழுவாமலும் கவுன்ட்டரை மொய்ப்பார்கள். அடுத்த டிரிப்புக்கு ஹார்ன் அடிப்பதற்குள் வயிறு நிறைந்தாக வேண்டும். அந்தக் கும்பலை இருபது வருஷமாகச் சமாளித்துவருகிறவள் மாஸ்டரக்கா.

சமையல்காரரை மாஸ்டர் என்று கூப்பிடுவது அங்கே வழக்கம். பழைய மாஸ்டர் ஒருநாள் மேனேஜரோடு சண்டை போட்டுக் கரண்டியை வீசிவிட்டுப் போனார். அது வந்து விழுந்தது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இவள் காலடியில். எடுத்தாள், கழுவினாள், அடுப்பில் அடிபிடிக்கப் பார்த்த பருப்பில் விட்டுக் கிளறினாள். அன்றைக்கு டிப்போவில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. மாஸ்டர் என்று கூப்பிடுவதா, அக்கா என்று கூப்பிடுவதா என்று கொஞ்ச நாள் தடுமாறிய டிப்போ, கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டது.

அவளுக்கு அளவு கரண்டி கிடையாது. கைதான் அளவு, நாக்குதான் தராசு. பெரிய குண்டானில் பருப்பு தளதளவென்று கொதிக்கும்போது கரண்டி நுனியால் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, சூடு போகுமுன் நக்கிப் பார்ப்பாள். நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்குவாள். போதாது என்று பட்டால் உப்பு மூட்டைக்குள் கை போகும். சரி என்று அவள் தலையாட்டிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

கணவன் அதே டிப்போவில் டிரைவர். தூரத்து ரூட் வண்டி. ரூட்டில் இல்லாத வேளையெல்லாம் அவனுக்கும் சாப்பாடு கேன்டீனில்தான். பிள்ளைகள் வேலை தேடி வேறு வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டு அடுப்பில் வெந்நீர் மட்டும்தான் கொதித்தது. நாள் முழுக்கக் குண்டான் கிளறிவிட்டு வருகிறவள் வீட்டிலும் வந்து கிளற வேண்டுமா என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். இருவருமே வேண்டாம் என்று பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

டிப்போவின் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை வந்தபோதுதான் அந்த நிம்மதி கெட்டது. கணவனின் ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. டாக்டர் மெஷினை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கில் உட்காரக் கூடாது என்று எழுதிவிட்டார். மறுநாள் முதல் அவனுக்கு டிப்போ வாசல் கேட்டில் உட்கார்ந்து, போகிற வண்டி வருகிற வண்டியின் நம்பரைக் குறிக்கிற வேலை.

“ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்பாங்களாம். அப்பவும் இறங்கலைன்னா ரிட்டயர் ஆகுற வரைக்கும் கேட்டுதான்” என்றான் அன்று சாயங்காலம், சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தபடி.

“அதான் மாத்திரை குடுத்திருக்காங்கல்ல?”

“மாத்திரை செய்யறது பாதிதானாம். மீதி உப்பைக் குறைக்கணுமாம்.”

“பாத்தீங்களா! ரூட்டுல எந்தெந்தக் கடையில எதை வாங்கி மொறுமொறுன்னு மெல்லுறீங்களோ, யாரு கண்டா?”

“அடியே, வறுத்ததுன்னு ஒண்ணையும் நான் தொடுறதில்ல. நான் சாப்பிடுறது உன் கைச் சாப்பாடுதான்.”

“என் சாப்பாட்டுல உப்பு கச்சிதமா இருக்கும். வேணும்னா டிப்போவையே கூப்பிட்டுக் கேளுங்க.”

அவன் குளிக்கப் போனதும் அவன் பையைத் துழாவினாள், சட்டைப் பையைக் கவிழ்த்துத் தட்டினாள். விழுந்தது ஒரு பல்குச்சி.

கேட்டில் அவன் உட்கார்ந்திருந்த விதத்தை கேன்டீன் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். வண்டி ஒவ்வொன்றும் வளைந்து வெளியே போகும்போது அவனுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பிரேக் போடுகிற கால். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று கிளறினாள்.

சர்வே வந்தது அந்தச் சமயத்தில்தான்.

பெரியவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு காய், எவ்வளவு பழம் சாப்பிட வேண்டும், தவிடு நீக்காத தானியம் எவ்வளவு வேண்டும், எண்ணெய், சர்க்கரை, உப்பெல்லாம் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அரசு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. டிப்போவிலும் அது வண்ணப் படமாக ஒட்டப்பட்டிருந்தது, யார் கண்ணிலும் படாமல், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். மக்கள் சாப்பிடுவது அந்தப் படத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கத்தான் சர்வே. ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் தராசு, விதவிதமான கரண்டியும் கிண்ணமும். மதியக் கூட்டத்துக்கு நடுவே ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் மாட்டியவன் ‘சில்லறை’. எந்தப் பயணியிடமும் ‘சில்லறை இல்லை’ என்று சொல்லாமல் விடாத கண்டக்டர் என்பதால் வந்த பெயர்.

“நேத்து எழுந்ததிலேருந்து என்னென்ன சாப்பிட்டீங்க சார்? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

சில்லறை நிமிர்ந்து உட்கார்ந்தான். “காலையில பால். அப்புறம் ஒரு ஆப்பிள். மத்தியானம் கீரை. சாயங்காலம் கேரட்டு.”

“கேரட்டா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “டேய், நேத்து பூரா நீ தின்னது பன்னுடா!”

“மேடம், அவன் வீட்டுல முயல் வளக்குறான். அது தின்னதைச் சொல்றான்.”

சர்வே பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சார், இது பரீட்சை இல்ல. மார்க்கெல்லாம் கிடையாது.”

“மார்க் இல்லையா? அதை மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப பன்னுன்னே எழுதிக்குங்க. நாலு. டீல முக்கி.”

அடுத்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் கேன் கொடுத்தாள். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை அதில் பிடித்துத் தர வேண்டும். உடம்புக்குள் எவ்வளவு உப்பு போகிறது என்று வாய் பொய் சொல்லலாம், அது சொல்லாது. “ஃபுல் டேங்க் வேணுமா, பாதி போதுமா?” என்று கேட்காத டிரைவர் இல்லை. அந்த ஒரு நாள் டிப்போவிலிருந்து கிளம்பிய வண்டிகளில் டிரைவர் சீட்டுக்கு அடியில் டிக்கெட் வாங்காத பயணியாக ஒரு கேன் போய்வந்தது. கேட்டில் இருந்த கணவனிடமிருந்தும் ஒன்று போனது.

சில வாரம் கழித்து, கூட்டம் இல்லாத ஒரு பிற்பகலில், சர்வே பெண் தனியாக வந்தாள். மாஸ்டரக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உதவிக்கு இருக்கும் ‘ரேடியோ’. வாயை மூடினால் செத்துப்போய்விடுவோம் என்று நம்புகிறவள். டிப்போவில் எந்தச் செய்தி அவள் காதுக்கு வந்தாலும் அடுத்த பஸ்ஸில் ஏறி ஊர் முழுக்கப் போய்விடும்.

“அக்கா, ஒரு சின்ன விளையாட்டு” என்று சர்வே பெண் மேசைமேல் கப்புகளை வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் தண்ணீர். “ஒவ்வொண்ணா வாய்ல விட்டுப் பாத்து, எதுல உப்பு தெரியுதுன்னு சொல்லணும். ரெண்டு பேருமே.”

“என்கிட்டயேவா?” என்று மாஸ்டரக்கா சிரித்துக்கொண்டு முதல் கப்பை எடுத்தாள். தண்ணீர். அடுத்தது. தண்ணீர். மூன்றாவதில் ரேடியோ முகத்தைச் சுளித்து, “இதுல கரிக்குதுல்லக்கா?” என்றாள்.

“எங்கடி கரிக்குது? பச்சத் தண்ணி.”

அடுத்த கப்பும் அவளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். ரேடியோ அதை வாயில் வைத்த வேகத்தில் துப்பினாள். கடைசிக்கு முந்தின கப்பில்தான் மாஸ்டரக்காவின் நாக்குக்கு ஏதோ எட்டியது. ரேடியோ எதுவும் பேசவில்லை. அதுவே ஒரு பெரிய செய்தி. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் டீ ஊற்றக் கவுன்ட்டருக்கு ஓடிவிட்டாள்.

சர்வே பெண் குரலைத் தாழ்த்தினாள். “காய் கம்மி, பழம் ரொம்பக் கம்மிதான்கா. ஆனா அது எங்க போனாலும் அப்படித்தான் இருக்கு. இங்க உப்புதான் பயமா இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கணும். இங்க ரெண்டு மடங்கைத் தாண்டுது. வீட்டுச் சாப்பாடு எடுத்துட்டு வர்றவங்களுக்குக் கம்மியாத்தான் இருக்கு. ரெண்டு வேளையும் கேன்டீன்ல சாப்பிடுறவங்களுக்குத்தான்...”

மாஸ்டரக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கேட்டில் ஒரு கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“நான் வேணும்னு போடலையேம்மா” என்றாள்.

“யாரும் வேணும்னு போட மாட்டாங்கக்கா. நாக்கு பழகிடும். இன்னிக்கு ஒரு கல்லு கூடுனா தெரியாது. அடுத்த மாசம் இன்னொரு கல்லு. நீங்க கூட்டக் கூட்ட, சாப்பிடுறவங்க நாக்கும் கூடவே வந்துடுச்சு. அப்புறம் நீங்க கொதிக்கக் கொதிக்கத்தானே ருசி பாக்குறீங்க? அவங்க சாப்பிடுறப்போ ஆறியிருக்கும். அந்தச் சூட்டுல உப்பு உள்ளது உள்ளபடி தெரியாதுக்கா.”

“இருபது வருஷமா அப்படித்தானே பாக்குறேன்.”

சர்வே பெண் கப்புகளை அடுக்கிக்கொண்டே, “குறைச்சாலும் நாக்கு பழகிடும். ஆனா மெதுவாக் குறைக்கணும்” என்றாள்.

கடைசி வார்த்தையை மாஸ்டரக்கா காதில் வாங்கவே இல்லை. பல்குச்சிதான் நினைவுக்கு வந்தது. அந்த மனுஷன் மேல் எத்தனை பழி!

மறுநாளே உப்பைப் பாதியாக்கினாள். கேன்டீன் இரண்டுபட்டது.

“மாஸ்டரக்கா, பருப்புக்கும் உங்களுக்கும் ஏதாவது தகராறா?”

“பருப்பு எங்கப்பா? வெந்நீருக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க!”

ஒவ்வொரு மேசையிலும் இருந்த உப்புக் கிண்ணம் கைமாறிக் கைமாறிக் காலியானது. அவள் கணவனும் இரண்டு சிட்டிகை அள்ளிப் போட்டுக்கொண்டான், அதுவும் அவள் முகத்தைப் பார்க்காமல். வாரக் கடைசியில் ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்து, “என்னக்கா, இந்த வாரம் உப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாப் போயிருக்கு?” என்று கேட்டபோது, அவள் அந்த உப்பு மூட்டை மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பழைய ருசி திரும்பியது. டிப்போ சமாதானமானது. ஆனால் மாஸ்டரக்கா கையை நம்புவதை விட்டுவிட்டாள். ஒரு தகரக் குவளை எடுத்து, வழக்கமாகப் போடும் உப்பு அதில் எங்கே வரை நிற்கிறது என்று பார்த்து, ஆணியால் உள்பக்கம் ஒரு கோடு கீறினாள். அடுத்த வாரம் அதற்கு ஒரு மயிரிழை கீழே இன்னொரு கோடு. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் நாக்குக்கு முன்னால் காதுகள் குறை கண்டுபிடித்துவிடும் என்பது கூட்டத்துக்குச் சோறு போட்டுக் கற்றது. கணவனிடமும் சொல்லவில்லை, அவன் பாவம், ரகசியத்தை முகத்தில் எழுதிக்கொண்டு திரிகிற ஜாதி. மேசைகளில் இருந்த உப்புக் கிண்ணங்களை ஒன்றாகச் சேர்த்து, துடைக்க வசதியாக இருக்கும் என்று சொல்லி, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எழுந்து அவ்வளவு தூரம் போக அலுப்பு. அதற்குள் ஹார்ன் வேறு அடித்துவிடும்.

கூட்டம் வருமுன்பே ஒரு கிண்ணம் எடுத்துத் தனியாகச் சாப்பிட்டுவிடுவது அவள் பழக்கம். இப்போது அதை ஆறவைத்துச் சாப்பிட்டாள். முதல் வாரங்களில் தொண்டையில் இறங்க மறுத்தது. பிறகு, மெதுவாக, பருப்பில் பருப்பின் ருசியே இருப்பது தெரிந்தது. கூட்டத்திலும் யாரும் முணுமுணுக்கவில்லை. குவளைக் கோடு கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கியும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஒரு டிப்போவையே ஏமாற்றிவிட்ட பெருமையில் அவள் பாத்திரங்களைக் கொஞ்சம் அதிகச் சத்தத்தோடே வைத்தாள்.

ஆறு மாசத்தில் பாதி போனதும் கணவனை மருந்துக்கடைக்கு இழுத்துப்போய் ரத்த அழுத்தம் பார்க்கவைத்தாள். முன்பு எங்கே நின்றதோ அங்கேயே நின்றது.

“விடு, கேட்டுல நிழல் இருக்கு” என்றான் திரும்பி வரும் வழியில். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னான். அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் மதியம் அவள் தன் வழக்கத்தை மாற்றி, கூட்டம் ஓய்ந்த பிறகு, கணவனுக்கு எதிரே உட்கார்ந்து அவன் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டாள். கரித்தது! நன்றாகவே கரித்தது. காலையில் அவள் சாப்பிட்ட அதே குண்டான் பருப்பு.

அதற்கடுத்த நாள், உப்பு போட்டு, தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல முகம் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றாள். ரேடியோ இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள்.

“ஏய்! என்னடி பண்ற?”

ரேடியோவின் கை குண்டானுக்கு மேலே அப்படியே நின்றது.

“எத்தனை நாளாடி இந்த வேலை?”

“அன்னிக்கு நீங்க உப்புத் தண்ணியைப் பச்சத் தண்ணின்னு சொன்னீங்கள்ல, நான் பாத்துட்டுத்தானேக்கா இருந்தேன். அடுத்த நாளே பருப்பு சப்புன்னு இருந்துச்சா, எல்லாரும் உங்களைப் பேசுனாங்களா... சரி, அக்காவுக்கு நாக்கு மரத்துப்போச்சு, போட்டமா போடலையான்னே தெரியல, இது வெளிய தெரிஞ்சா வேற மாஸ்டரைக் கொண்டுவந்துருவாங்கன்னு பயந்து...” அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தன. “அதுக்கப்புறம் சப்புன்னு தெரியுற நாள்லல்லாம் நான் போட்டுருவேன்.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“சத்தியமா இல்லக்கா. மூச்சு விடல.”

திட்டத்தான் வாயைத் திறந்தாள் மாஸ்டரக்கா. ஆனால் ரேடியோ, அந்த ரேடியோ, இத்தனை வாரமாக ஒரு சேதியை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று நினைத்ததும் சிரிப்பு பொங்கிவிட்டது. மூட்டைமேல் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க ரேடியோவின் முகம் வெளிறியது.

“அப்ப மாமாவுக்கு உப்பு அள்ளிப் போட்டது நானாக்கா?”

“உனக்கு முன்னாடி நான் இருபது வருஷம் போட்டிருக்கேன்டி. எழுந்திரு. குவளையை எடு.”

மீண்டும் மேல் கோட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மிச்சம் பாதிக் காலம்தான். இந்த முறை இரண்டு நாக்கு, இரண்டு தலை. கரண்டியில் எடுத்ததை விசிறி ஆறவைத்து, முதலில் ரேடியோ ருசி பார்ப்பாள். உப்பு போன இடத்தில் எலுமிச்சைச் சாறும், கருக வறுத்த பூண்டும், கொஞ்சம் மிளகும் வந்து உட்கார்ந்தன. பருப்பில் காய் நிறைய விழுந்தது. காய் சேர்ந்தால் நாக்கு வேறு யோசனையில் போய்விடும் என்பது ரேடியோவின் கண்டுபிடிப்பு. பணம் கட்டுகிற இடத்தில் ஒரு தட்டு வாழைப்பழம் வைத்தார்கள். சில்லறை திருப்பித் தர இல்லாதபோது பழமாகக் கொடுத்தாள் மாஸ்டரக்கா. கண்டக்டர் சில்லறைக்கு அது ரொம்பவே உறுத்தியது. “என் தொழிலை என்கிட்டயே காட்டுறாங்க” என்று முனகிக்கொண்டே உரித்துத் தின்றான்.

அதே சில்லறைதான் ஒருநாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, கவுன்ட்டரில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னான்: “போன இடத்துல ஓட்டல் சாப்பாடா அது? கடல்ல கரண்டியை விட்டு மொண்டு ஊத்துறானுங்க! வாய்ல வைக்க முடியல. நம்ம அக்கா கைதான் கை.”

ரேடியோ முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மறுபரிசோதனை மதியக் கூட்ட நேரத்தில் வந்து தொலைந்தது. மாஸ்டரக்காவால் நகர முடியவில்லை. கை பரிமாறியது, கண் வாசலில் இருந்தது. ஒருவருக்குப் பருப்பே இரண்டு முறை விழுந்தது, அடுத்தவருக்கு விழவே இல்லை. கணவன் வந்தான். கும்பலை விலக்கவில்லை, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தட்டை நீட்டினான்.

“என்னங்க? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!”

“இறங்கியிருக்கு. முழுசா இல்ல. ஆனா நல்லா இறங்கியிருக்காம். தூர வண்டி இப்ப வேணாம், பகல்ல டவுனுக்குள்ள ஓட்டுன்னுட்டாரு. மூணு மாசத்துல திரும்பப் பாக்கணுமாம். மாத்திரையை விட்டுறக் கூடாதாம்.” சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். “நாளைக்குக் காலையில வண்டி எடுக்குறேன்.”

அவள் தட்டில் சோறு போட்டாள், நிறையவே போட்டாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்: “ஏய் ரேடியோ! இனிமே சொல்லிக்கோ.”

அணை உடைந்தது. சாயங்கால வண்டிகள் திரும்புவதற்குள், கப்புத் தண்ணீர் முதல் குவளைக் கோடு வரை டிப்போ முழுக்கப் பரவிவிட்டது. இத்தனை நாள் ஏமாந்திருக்கிறோம் என்று சிலர் கோபப்பட்டார்கள். கோபத்தோடே இன்னொரு கரண்டி கேட்டார்கள். எனக்கு முதல் நாளே தெரியும், நான்தான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன் என்றான் சில்லறை. பயந்துபோன நாலைந்து பேர் தங்கள் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள டாக்டர் அறை வாசலில் நின்றார்கள். யாரோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த படத்தைப் பெயர்த்து எடுத்துவந்து கேன்டீன் சுவரில், கொஞ்சம் கோணலாக, ஒட்டினார்கள். அந்தப் படத்தில் உள்ள அளவுக்கு டிப்போ இன்னும் பழம் தின்னவில்லை. பன்னும் ஒழியவில்லை.

மறுநாள் மதியம் டவுன் வண்டி ஒன்று உள்ளே வந்து, கேன்டீன் ஜன்னலுக்கு நேராக, தேவையே இல்லாமல் ஹார்ன் அடித்தது. கணவன் இறங்கிவந்து உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது வாயில் நிறுத்தினான்.

“ஏண்டி, இன்னிக்கு உப்பு ஒரு கல்லு தூக்கலோ?”

இருபது வருஷத்தில் அவளிடம் வந்த புகார்களில் எதற்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை. அவன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து, ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு நாக்கில் வைத்தாள். அவன் சொன்னது சரிதான்.

“ரேடியோ, குவளையையும் அந்த ஆணியையும் எடு” என்றாள்.